நூனோ: பெஞ்சில் உட்கார்ந்த கோல்கீப்பர், பெஞ்சுக்கு முன்னால் நிற்கும் மேனேஜர்

கால்பந்தில் பெரிய பயிற்சியாளர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் முக்கால்வாசி பேர் மிட்ஃபீல்டர்களாக இருப்பார்கள், மீதியில் பாதி டிஃபெண்டர்கள், கோல்கீப்பர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1993-ல் மார்செய் அணிக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த பெல்ஜியத்தின் ரேமோன் கூத்தல்ஸ், 2000-ல் இத்தாலியை யூரோ இறுதிப்போட்டி வரை கொண்டுபோன டீனோ ஸோஃப், 2020-ல் செவியா அணியுடன் யூரோப்பா லீக் ஜெயித்த ஹூலன் லோபெடெகி என்று கொஞ்சம் பேர். காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கோல்கீப்பர் பயிற்சியே தனி. மற்றவர்கள் மைதானத்தின் நடுவில் பந்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் ஓரமாகத் தனிப் பயிற்சியாளரோடு தாவிக்கொண்டிருப்பார், ஓய்வு பெற்ற பிறகும் அதே ஓரத்தில் கோல்கீப்பர் கோச்சாக ஒரு வேலை கிடைக்கும், அதோடு கதை முடிந்துவிடும்.

நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவும் அங்கேதான் ஆரம்பித்தார். ஆனால் அங்கே நிற்கவில்லை. போர்ச்சுகல், ஸ்பெயின், இங்கிலாந்து, சவூதி என்று நான்கு நாடுகளில் மேனேஜராக இருந்திருக்கிறார், நன்றாகவும் ஜெயித்திருக்கிறார், மோசமாகவும் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார். இவரைப் பற்றி எழுதும் எல்லோரும் "கோல்கீப்பர் என்பதால் தடுப்பாட்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. இவருடைய வேலை எங்கே ஓடியது, எங்கே நின்றது என்று வரிசையாகப் பார்த்தால், ஃபார்மேஷனைவிட (ஆட்டக்காரர்களை நிறுத்தும் அமைப்பைவிட) கிளப்பில் மேலே உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் அதிகம் தீர்மானித்திருக்கிறார்கள்.

ஆடிய காலம்

1974-ல் சாவோ டோமே தீவில் பிறந்தவர். போர்ச்சுகலில் விட்டோரியா கிமாரயெஸ் அணியில் வளர்ந்து, 1997-ல் ஸ்பெயினின் டிபோர்ட்டிவோ லா கொருன்யாவுக்குப் போனார். அந்த மாற்றத்தை முடித்துக் கொடுத்தவர் அப்போது இரவு விடுதி நடத்திக்கொண்டிருந்த ஒருவர், பெயர் ஜோர்ஜ் மெண்டஸ். பிற்பாடு கிறிஸ்டியானோ ரொனால்டோ, பயிற்சியாளர் மொரின்யோ என்று பெரிய தலைகளையெல்லாம் கையில் வைத்திருந்த ஏஜென்ட்டின் முதல் வாடிக்கையாளர் நம்ம நூனோதான். இதை ஒரு சுவாரசியத் தகவலாக மட்டும் கடந்து போக வேண்டாம், பின்னால் வரும் பாதிக் கதை இதிலிருந்து கிளம்புவதுதான்.

டிபோர்ட்டிவோவில் முதல் கீப்பர் இடம் நிலையாகக் கிடைக்கவில்லை. மெரிடாவுக்கு லோன் (தற்காலிக இரவல்), ஒசாசுனாவுக்கு லோன். 2002-ல் மொரின்யோவின் போர்ட்டோவுக்கு வந்தார், அங்கே கோல் கம்பங்களுக்கு நடுவில் விட்டோர் பாயா என்ற மலை. 2003-ல் யூஏஃபா கோப்பை, 2004-ல் சாம்பியன்ஸ் லீக், இரண்டும் நூனோவின் சாதனைப் பட்டியலில் இருக்கின்றன, இரண்டு இறுதிப்போட்டியிலும் அவர் பெஞ்சில்தான். போர்ச்சுகல் கோப்பையில் வார்சிமை 7–0 என்று நசுக்கிய ஆட்டத்தில் மொரின்யோ இவரைக் கூப்பிட்டு பெனால்டி அடிக்கச் சொன்னார், அடித்தார், உள்ளே போனது. 2004 டிசம்பரில் யோகோஹாமாவில் ஒன்ஸ் கால்டாஸ் அணிக்கு எதிரான இன்டர்கான்டினென்டல் கோப்பை ஆட்டத்தின் நடுவில் பாயாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி வெளியே போக, அவர் இடத்தில் இறங்கிய நூனோ பெனால்டி ஷூட்அவுட் வரை நின்றார். போர்ட்டோ 8–7 என்று ஜெயித்தது. அப்புறம் டைனமோ மாஸ்கோ, கொஞ்ச நாள் ஆவெஸ், மறுபடியும் போர்ட்டோ, 2010-ல் ஓய்வு. யூரோ 2008-க்குக் காயம்பட்ட கிம் என்ற கீப்பருக்குப் பதிலாக அழைக்கப்பட்டார், ஆனால் போர்ச்சுகல் சீனியர் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

இரண்டாவது கீப்பரின் வேலை விசித்திரமானது. மற்ற மாற்று ஆட்டக்காரர்களுக்கு எழுபதாவது நிமிடத்தில் ஒரு வாய்ப்பாவது வரும், இவருக்கு முதல் கீப்பர் அடிபட்டாலோ சிவப்பு அட்டை வாங்கினாலோதான் வாய்ப்பு. ஆனால் வாரா வாரம் எதிரணியைப் பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்தாக வேண்டும், எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மொரின்யோ தன் உச்சத்தில் இருந்த சமயம் அவருக்கு அருகில் உட்கார ஒருவருக்கு இடம் கிடைத்தது என்றால், ஆடாவிட்டாலும் நஷ்டம் இல்லை.

கோச்சிங்: முதல் படிகள்

போர்ட்டோவில் தனக்குப் பயிற்சியாளராக இருந்த ஜெசுவால்டோ ஃபெரெய்ரா 2010-ல் மலாகாவுக்குப் போனபோது நூனோவைக் கோல்கீப்பர் கோச்சாகக் கூட்டிப்போனார், பிறகு ஏதென்ஸில் பனத்தினாய்க்கோஸ். 2012-ல் ரியோ அவே என்ற சிறிய போர்ச்சுகல் கிளப் அவருக்கு மேனேஜர் நாற்காலியைக் கொடுத்தது.

அந்த முதல் வருடம் ரியோ அவேயின் கீப்பர்களைப் பாருங்கள். பென்ஃபிகாவிலிருந்து லோனில் வந்த யான் ஓப்லாக் என்ற ஸ்லோவேனியப் பையன், அவருக்குப் பின்னால் பெஞ்சில் எடர்சன் என்ற பிரேசில் பையன். ஒருவர் பிற்பாடு அத்லெட்டிகோ மாட்ரிட்டின் தூண், இன்னொருவர் மான்செஸ்டர் சிட்டியின் தூண். ஒரு சிறிய மீனவர் ஊரின் கிளப்பில், ஒரு முன்னாள் கீப்பரின் கீழே, இந்த இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இருந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது. 2013–14-ல் ரியோ அவே போர்ச்சுகல் கோப்பை, லீக் கோப்பை இரண்டிலும் இறுதிக்குப் போய் இரண்டிலும் பென்ஃபிகாவிடம் தோற்றது, கிளப் வரலாற்றிலேயே முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்கும் தகுதி பெற்றது.

அடுத்து வலென்சியா. சிங்கப்பூர் பணக்காரர் பீட்டர் லிம் கிளப்பை வாங்கும் சமயம், அவருக்கு நெருக்கமானவர் மெண்டஸ், மெண்டஸின் ஆள் நூனோ. முதல் சீசன் பிரமாதம். 77 புள்ளிகள், நான்காம் இடம், சாம்பியன்ஸ் லீக். 2015 ஜனவரியில் தொடர்ந்து 22 ஆட்டங்கள் ஜெயித்துக்கொண்டு வந்த ரியால் மாட்ரிட்டை 2–1 என்று நிறுத்தியது இவருடைய அணிதான். ஆனால் அந்தக் கோடையில் கிளப்பின் தலைவரும் விளையாட்டு இயக்குநரும் வெளியேறினார்கள், நூனோவின் கை ஓங்கியது. ரசிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஏஜென்ட்டின் ஆள் நம் கிளப்பை விழுங்குகிறார் என்ற கோபம். சொந்த மைதானமான மெஸ்டாயாவில் அந்த ரசிகர்களே அவரைப் போகச் சொல்லிக் கத்தினார்கள். 2015 நவம்பர் கடைசியில் செவியாவிடம் தோற்ற கையோடு ராஜினாமா.

போர்ட்டோவில் 2016–17 இன்னும் வேடிக்கை. 34 லீக் ஆட்டங்களில் 22 வெற்றி, 10 டிரா, தோல்வி இரண்டே இரண்டு. வாங்கிய கோல்கள் 19. கோல்கீப்பர் இக்கர் கசியாஸ். இந்தக் கணக்கோடு வேறு ஊரில் சிலை வைப்பார்கள், போர்ட்டோவில் இரண்டாம் இடம் என்றால் தோல்வி. அந்தப் பத்து டிராக்கள்தான் ஆளைக் கவிழ்த்தன. எதிரணி பதினொரு பேரையும் பின்னால் நிறுத்தி வைக்கும்போது அதை உடைக்க இவருடைய அணிக்குத் தெரியவில்லை. இந்த ஒரு குறை கடைசி வரை இவரோடு வருகிறது.

வுல்வ்ஸ்: எல்லாம் ஒரே கோட்டில் நின்ற நான்கு வருடம்

2017 கோடையில் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸுக்கு (சுருக்கமாக வுல்வ்ஸ்) நூனோ வந்தார். ஓனர் சீனாவின் ஃபோசுன் நிறுவனம். ஃபோசுன் தரப்பு மெண்டஸின் நிறுவனத்தில் பங்கு வாங்கியிருந்தது, மெண்டஸ் வுல்வ்ஸுக்கு ஆலோசகர். போர்ட்டோவிலிருந்து ரூபன் நெவஸ் வந்தார், வில்லி போலி வந்தார், போர்ட்டோவில் நூனோவிடம் ஆடிய டியோகோ ஜோட்டாவும் அத்லெட்டிகோவிலிருந்து லோனில் வந்து சேர்ந்தார் (2025 ஜூலையில் கார் விபத்தில் போய்விட்ட அதே ஜோட்டா). நெவஸ் மாதிரி ஒரு ஆள் சாம்பியன்ஷிப் என்ற அந்த இரண்டாம் நிலை லீக்கில் ஆடுவதே அநியாயம் என்று மற்ற கிளப்கள் புலம்பின, லீட்ஸ் ஓனர் வெளிப்படையாகவே புகார் சொன்னார். விதிமீறல் இல்லை என்று லீக் நிர்வாகம் முடித்துவிட்டது.

அணி அமைப்பில் நூனோ செய்த முக்கியமான காரியம் கோனர் கோடி. மிட்ஃபீல்டராகத் தொடங்கி ரைட் பேக்காகவும் ஆடிக்கொண்டிருந்த அவரை, மூன்று டிஃபெண்டர்களில் நடு ஆளாக மாற்றினார். கோடி வேகமானவர் இல்லை, உயரமும் சுமார்தான், ஆனால் தொண்ணூறு நிமிடமும் பேசிக்கொண்டே இருப்பார், வரிசையை நேராக வைத்திருப்பார். கோல்கீப்பருக்கு முன்னால் இன்னொரு கோல்கீப்பர் குரல். அணி 3-4-3-ல் (பின்னால் மூன்று, நடுவில் நான்கு, முன்னால் மூன்று பேர்) நடுப்பகுதியை இறுக்கமாக மூடும், பக்கவாட்டை விட்டுக்கொடுக்கும், எதிரணி பந்தை இழந்த நொடியில் நெவஸின் நீண்ட பாஸ் கிளம்பும். அந்த சீசனில் 99 புள்ளிகளோடு சாம்பியன்.

2018 ஏப்ரல் 6, கார்டிஃப் மைதானத்தில் நடந்த ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு இடத்தில் இருக்கும் அணிகளின் மோதல். நெவஸின் ஃப்ரீ கிக்கில் வுல்வ்ஸ் 1–0 முன்னிலை. தொண்ணூறு நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்கு ஈடான கூடுதல் நேரம் ஆரம்பித்ததும் கார்டிஃபுக்கு ஒரு பெனால்டி. கேரி மடீன் அடித்தார், வுல்வ்ஸ் கீப்பர் ஜான் ரட்டி தடுத்தார். மூச்சு விடுவதற்குள் இன்னொரு பெனால்டி. இந்த முறை ஜூனியர் ஹாய்லெட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதியது. விசில் ஊதியதும் நூனோ மைதானத்துக்குள் ஓடி ஆட்டக்காரர்கள் நடுவில் குதித்துக்கொண்டாடினார், அந்தப் பரவசத்தில் எதிரணி மேனேஜர் நீல் வார்னாக்குக்குக் கை கொடுக்க மறந்துவிட்டார். அப்புறம் ஞாபகம் வந்து போனபோது வார்னாக் கை கொடுக்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினார். நூனோ பத்திரிகையாளர் முன்னால் மன்னிப்புக் கேட்டார். முகத்தில் எதையும் காட்டாத, பேட்டியில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இந்த தாடிக்காரர் அன்றைக்கு மட்டும் கட்டுப்பாடு இழந்ததற்குக் காரணம் என்ன? என் ஊகம், இரண்டு பெனால்டிக்கும் அவர் உடம்பு கோல் கோட்டின் மேல்தான் நின்றிருக்கும்.

பிரீமியர் லீக்கில் முதல் வருடமே ஏழாம் இடம், 57 புள்ளிகள். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் வாட்ஃபோர்டுக்கு எதிராக எழுபத்தொன்பதாவது நிமிடம் வரை 2–0 என்று முன்னால் இருந்துவிட்டு 3–2 என்று தோற்றது மட்டும் ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத புண். அடுத்த வருடம் மறுபடி ஏழாம் இடம், கூடவே யூரோப்பா லீக். 2019 ஜூலை 25-ல் தொடங்கிய சீசன், கொரோனா இடைவேளையெல்லாம் தாண்டி, 2020 ஆகஸ்ட் 11-ல் முடிந்தது. 59 ஆட்டங்கள். நூனோ சிறிய ஸ்குவாடு வைத்துக்கொள்வதைப் பிடிவாதமாக விரும்புபவர், பதினெட்டு பத்தொன்பது பேர் போதும் என்பார், எல்லோருக்கும் தன் இடம் தெரிந்திருக்கும், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஆனால் 59 ஆட்டம் வந்தால் அந்த உடம்புகள் என்ன செய்யும்?

அந்த ஆகஸ்ட் 11 ஆட்டம் செவியாவுக்கு எதிரான காலிறுதி. ஆரம்பத்திலேயே கிடைத்த பெனால்டியை வுல்வ்ஸின் ரவுல் ஹிமெனெஸ் வீணாக்க, 88-வது நிமிடத்தில் செவியாவின் ஒக்காம்போஸ் தலையால் முட்டி முடித்தார். செவியாவின் பயிற்சியாளர் லோபெடெகி, இன்னொரு முன்னாள் கீப்பர். ஆட்டம் முழுக்க பந்து லோபெடெகியின் அணியிடம்தான், நூனோவின் அணி அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கோல்கீப்பர் என்றால் தடுப்பாட்டம் என்பவர்களுக்கு இந்த ஒரு ஆட்டமே பதில். லோபெடெகியும் பெரிய கிளப்களில் பெஞ்சில் உட்கார்ந்த கீப்பர்தான், அவர் கற்றுக்கொண்டது பந்தை விடாமல் வைத்திருப்பதை. நூனோவின் பாணிக்கு அவர் கையுறையைவிட மொரின்யோவின் போர்ட்டோதான் அதிகக் காரணம்.

2020 நவம்பர் 29-ல் ஆர்சனலுக்கு எதிராகத் தலையோடு தலை மோதி ஹிமெனெஸின் மண்டை ஓடு உடைந்தது. ஜோட்டா ஏற்கனவே லிவர்பூலுக்குப் போயிருந்தார். ஆளில்லாத மைதானங்கள், குடும்பத்தைப் பார்க்க முடியாத மாதங்கள். அந்த சீசன் 13-ம் இடம். 2021 மே மாதம் பரஸ்பர ஒப்புதலோடு பிரிந்தார்கள். அந்தக் கடைசி வருடத்தில்தான் ஊரில் கஷ்டப்படுபவர்களின் சாப்பாட்டுக்காகக் கிளப் நடத்திய நிதித் திட்டத்துக்குத் தன் கையிலிருந்து 2,50,000 பவுண்டு கொடுத்தார். வுல்வர்ஹாம்ப்டனில் அவர் பெயருக்கு இன்றும் மரியாதை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டாட்டன்ஹாம், ஜெத்தா

டாட்டன்ஹாம் சங்கதி சுருக்கமானது, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பல பேரைக் கேட்டு, யாரும் அமையாமல், 2021 ஜூன் 30-ல் இவரை எடுத்தார்கள். முதல் மூன்று லீக் ஆட்டமும் 1–0 வெற்றி, அதில் ஒன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக, இன்னொன்று தன் பழைய வுல்வ்ஸுக்கு எதிராக. லீக்கில் முதலிடம், ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த மேனேஜர் விருது. நவம்பர் 1-ல் வேலை போனது. பத்து லீக் ஆட்டங்களில் அடித்த கோல்கள் ஒன்பது, வாங்கியது பதினாறு. தாக்குதல் ஆட்டம்தான் எங்கள் அடையாளம் என்று சொல்லிக்கொண்டு ஆள் தேடிய கிளப், அதற்கு நேர் எதிரான ஆளை எடுத்தது, அந்த ஆளும் ஒப்புக்கொண்டு போனார். இதில் இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு.

அடுத்து சவூதியின் ஜெத்தாவில் அல் இத்திஹாத். 2022–23-ல் லீக் சாம்பியன், அந்தக் கிளப்புக்கு 2009-க்குப் பிறகு கிடைத்த முதல் லீக் பட்டம். 30 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 13. ரொனால்டோவின் அல் நஸ்ரைத் தாண்டித்தான் இந்தப் பட்டம். அப்புறம் 2023 கோடையில் பிரான்ஸ் நட்சத்திரம் கரீம் பென்சிமா வந்தார். கிளப்பின் கணக்கில் அவர்தான் எல்லாம், நூனோவின் கணக்கில் அவர் பதினொருவரில் ஒருவர். நவம்பரில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஈராக் அணியிடம் தோற்றதும் நூனோவை அனுப்பிவிட்டார்கள்.

ஃபாரஸ்ட்

2023 டிசம்பர் 20, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். தரவரிசையில் 17-ம் இடம், கீழ் லீக்குக்கு இறக்கப்படும் இடங்களுக்கு ஒரு படி மேலே. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நியூகாசிலில் கிறிஸ் வுட் தன் பழைய அணிக்கு எதிராகவே ஹாட்ரிக் அடித்தார், அந்த வாரமே மான்செஸ்டர் யுனைடெட்டையும் வென்றார்கள். நிதி விதியை மீறியதற்காக நான்கு புள்ளிகள் வெட்டப்பட்டும் 32 புள்ளிகளோடு தப்பித்தார்கள். அந்த சீசனில் ஃபாரஸ்ட் வாங்கிய கோல்கள் 67.

அடுத்த சீசனில் 46. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில்தான் நூனோவின் உண்மையான திறமை இருக்கிறது. ஃபியோரென்டினாவிலிருந்து வந்த செர்பிய டிஃபெண்டர் மிலென்கோவிச்சை முரில்லோவின் பக்கத்தில் நிறுத்தினார், பின்னால் பெல்ஜியக் கீப்பர் மாட்ஸ் செல்ஸ். மூன்று டிஃபெண்டர் முறையை அடிப்படையாக வைக்காமல் நான்கு பேர் வரிசைக்கு மாறினார், முன்னிலை வந்தபின் கடைசி அரைமணி நேரத்தில் ஐந்தாவது ஆளை இறக்கிக் கதவைச் சாத்துவார். கார்னர் வந்தால் முன்பு நடுங்கிய அணி, இப்போது எதிரணி நாற்பது பந்தை உள்ளே தூக்கிப் போட்டாலும் கவலைப்படவில்லை. எலாங்காவும் ஹட்சன்-ஓடோயும் ஓட, கிப்ஸ்-வைட் பந்தைப் பிரித்துக் கொடுக்க, 33 வயது வுட் 20 கோல் அடித்தார். செல்ஸ் 13 க்ளீன் ஷீட்டோடு (ஒரு கோலும் வாங்காத ஆட்டங்கள்) ஆர்சனல் கீப்பர் ராயாவுடன் தங்கக் கையுறை விருதைப் பகிர்ந்துகொண்டார். 2024 செப்டம்பரில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1–0 வெற்றி. அங்கே ஃபாரஸ்ட் 1969-க்குப் பிறகு பெற்ற முதல் லீக் வெற்றி, சாம்பியனான லிவர்பூல் அந்த சீசனில் சொந்த மைதானத்தில் தோற்ற ஒரே லீக் ஆட்டமும் அதுதான். ஜனவரியில் போர்ன்மத்திடம் 5–0 என்று அடி வாங்கிவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பிரைட்டனை 7–0 என்று அடித்தார்கள். தோல்விக்குப் பிறகு எதையும் கலைக்காமல் அதே அமைப்போடு இறங்குவது இவருடைய குணம். கோல் விட்ட கீப்பர் அடுத்த பந்துக்கு அதே இடத்தில்தானே நிற்க வேண்டும்.

கடைசியில் 65 புள்ளிகள், ஏழாம் இடம். ஏப்ரல் வரை சாம்பியன்ஸ் லீக் இடத்தில் இருந்துவிட்டு நழுவியது வருத்தம்தான், மீண்டும் சிறிய ஸ்குவாடு, மீண்டும் களைப்பு. மே 11-ல் லெஸ்டரோடு 2–2 டிரா ஆனபோது ஓனர் இவாஞ்சலோஸ் மரினாக்கிஸ் மைதானத்துக்குள்ளேயே இறங்கி நூனோவிடம் வந்துவிட்டார். அடிபட்ட அவோனியியை ஆட்டத்தில் தொடர விட்டது பற்றிய கோபம் என்று கிளப் விளக்கம் சொன்னது, அவோனியிக்கு அதன்பின் வயிற்றில் அவசர அறுவை சிகிச்சையே நடந்தது. ஜூனில் நூனோவுக்கு 2028 வரை புதிய ஒப்பந்தம். எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றியது. பிறகு ஆர்சனலில் இருந்த எடு (Edu) என்பவர் மரினாக்கிஸின் கிளப்களுக்கெல்லாம் கால்பந்துத் தலைவராக வந்தார். ஆகஸ்டில் பத்திரிகையாளர் கூட்டத்தில் நூனோ, ஓனரோடு உறவு முன்பு போல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வாயைத் திறந்தால் சத்தில்லாத வாக்கியங்கள் மட்டுமே சொல்பவர் இப்படிப் பேசுகிறார் என்றால் உள்ளே எவ்வளவு முற்றியிருக்க வேண்டும். செப்டம்பர் 9, லீக்கில் மூன்றே ஆட்டம் முடிந்த நிலையில் நீக்கம். பதிலுக்கு வந்த ஏஞ்ச் போஸ்டெகோக்லு நேர் எதிர் பாணிக்காரர், நாற்பது நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். வலென்சியா, முதல் வருடம் பிரமாதம், இரண்டாம் வருடம் மேலிடச் சண்டை. அல் இத்திஹாத், அதே. ஃபாரஸ்ட், அதே. ஓனர், ஏஜென்ட், மேனேஜர் மூவரும் ஒரே கோட்டில் இருந்த வுல்வ்ஸில் மட்டும் நான்கு வருடம். போர்ட்டோவிலும் டாட்டன்ஹாமிலும் நல்ல வருடமே இல்லை, ஏனென்றால் அங்கே பந்து இவர் அணியிடம்தான் இருக்க வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். அணியைச் சீர்படுத்தும் ஆளாக இவரை எடுக்கும் கிளப், சீர்பட்டதும் ஆசை பெருகி வேறு மாதிரி ஆட்டம் கேட்கிறது, இவரோ மாற மாட்டார், கூட்டம் நடத்திச் சமாதானம் பேசும் ஆளும் இல்லை.

2025 செப்டம்பர் 27-ல் வெஸ்ட் ஹாம் இவரை எடுத்தது. ஐந்து ஆட்டங்களில் 13 கோல் வாங்கி, 19-ம் இடத்தில் இருந்த அணி, கார்னர் என்றாலே கோல் என்ற நிலைமை. இரண்டு நாளில் எவர்ட்டனில் முதல் ஆட்டம், 1–1. அதே வருடம் ஜனவரியில்தான் வெஸ்ட் ஹாம் லோபெடெகியை அனுப்பியிருந்தது. அந்த இரண்டு கீப்பர்களும் மேனேஜராக இருந்த மூன்றாவது பொதுக் கிளப் இது, முதல் இரண்டும் போர்ட்டோவும் வுல்வ்ஸும்.